பெயர் பொருந்தியது

மெஸ்தியாவில் இரவு பதினொன்றே முக்கால்.
பனிச்சரிவுக் கண்காணிப்பு அறையின் ஹீட்டர்
ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் சுடுகிறது.
மதியம் திபிலிசியிலிருந்து யாரோ
சர்வரைப் புதுப்பித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.
அப்போதிலிருந்து
மலைமேல் பதினான்கு கம்பங்கள் சொல்வதைக்
கேட்க ஆளில்லை.

லம்சீரா நிரலை அழைக்கிறாள்.
ஒரே வரியில் கையை விரிக்கிறது:
நூலகத்தைத் திறக்க முடியவில்லை,
அப்படி ஒரு கோப்பு இல்லை.

எது எதை நம்பியிருக்கிறது என்று
பட்டியல் கேட்கிறாள்.
பத்தொன்பது பெயர்கள்.
ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் அம்புக்குறி,
அதன் பின்னால் ஒரு முகவரி.
ஒன்றுக்கு மட்டும்
அம்புக்குறி போய் நிற்கும் இடத்தில்
'கிடைக்கவில்லை.'

இல்லாமல் இல்லை. இருக்கிறது.
மூன்று என்று முடிய வேண்டியது
நான்கு என்று முடிகிறது,
அவ்வளவுதான்.

கோச்சா வந்தான், சாலைத்துறைக்காரன்,
காலணிப் பனியைத் தட்டாமலே.
உஷ்குலி சாலையை ஆறு மணிக்குத்
திறப்பதா, மூடியே வைப்பதா,
அவனுக்கு ஒரு சொல் போதும்.
"பெயர்தானே சிக்கல்?
நான்குக்கு மூன்று என்று பெயர் வை."

வைத்தாள்.
ஒளிக்க என்ன இருக்கிறது,
தூக்கம் கெட்ட ஏதோ ஓர் இரவில்
எல்லோரும் வைத்தவர்கள்தான்.
ஒற்றை வரியில் ஒரு சிம்லிங்க்.
நிரல் எழுந்தது. பிழை இல்லை,
ஒரு முனகல்கூட இல்லை.
பதினான்கு கம்பங்களும் எண் சொல்லின.
கடைசி வரி பச்சை:
அபாயம் குறைவு.
கோச்சா கைபேசியை எடுத்தான்.

"இரு."

மேலே உருட்டினாள்.
ஏழாம் கம்பம்.
வெப்பம் நூற்று எண்பத்தாறு.
பனி ஆழம்
கழித்தல் பதினொன்று.

இரண்டு சொற்கள் சேருமிடத்தில்
ஓர் எழுத்து தோன்றும், திரியும், கெடும்.
விதி தெரிந்த நாக்கு பிசகுவதில்லை.
இங்கே
மூன்றாம் பதிப்புக்கும் நான்காம் பதிப்புக்கும் நடுவில்
எவரோ இரண்டு வரிகளை இடம் மாற்றியிருக்கிறார்,
அகர வரிசையின் அழகுக்காக இருக்கலாம்.
பெயர் பொருந்தியது, கதவு திறந்தது,
உள்ளே ஆழமும் வெப்பமும்
நாற்காலி மாறி உட்கார்ந்திருந்தன.
கழித்தல் பதினொன்று ஆழமென்றால் பனியே இல்லை.
பனியே இல்லையென்றால் எது சரியும்?
கணக்கு தவறவில்லை.

பிழை என்று கத்துவது எவ்வளவு நல்ல குணம்
என்று அப்போது நினைத்தாள்.

பழைய வட்டு ஒன்றைத் துழாவி
மூன்றாம் பதிப்பைக் கண்டெடுத்தாள்.
அது தன் பங்குக்கு
இன்னும் பழையது ஒன்றைக் கேட்டது.
அதற்கும் ஒன்று வேண்டியிருந்தது.
குப்தாரி ஆறி, அதன் கொழுப்பு வெள்ளையாய் உறைந்தது.

எல்லாவற்றையும் பொது அறையில் கொட்டிவிடலாம்தான்.
கொட்டியிருக்கிறாள் ஒருமுறை, குத்தாய்சியில்:
அடிநூலகத்தையே மாற்றிப் போட்டு,
கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூடச் செத்துப்போய்,
திரை விழித்திருக்க
எந்தச் சொல்லும் எடுபடாத அந்த மத்தியானம்.

எனவே நிரலின் பக்கத்திலேயே
ஒரு சின்ன அடைவு.
மூன்று பழைய கோப்புகள் அதற்குள்.
நீ மட்டும்
முதலில் இங்கே தேடு
என்று நிரலிடம் சொன்னாள்.
மற்றவர்கள் நான்கோடு வாழட்டும்.

இரண்டு நாற்பது.
வெப்பம் கழித்தல் பதினொன்று.
ஆழம் நூற்று எண்பத்தாறு.
கடைசி வரி
பச்சையை விட்டிருந்தது.
கோச்சா எதுவும் கேட்கவில்லை.
தடுப்பின் சாவியை
சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு
நாற்காலியிலேயே தூங்கிப்போனான்.

அடைவுக்குள் ஒரு குறிப்பு எழுதி வைத்தாள்:
அழிக்காதே. காரணம் கேள். பிறகும் அழிக்காதே.

காலையில் எதுவும் சரியவில்லை.
ரொட்டி வேன்காரன் தடுப்பருகே நின்று
வானிலை நிலையத்தின் மூன்று தலைமுறையைத் திட்டினான்.
போர்வைக்குள் புகுந்த லம்சீராவுக்குத்
திடுக்கென்றது:
அந்தச் சிம்லிங்கை எடுத்தேனா?

பனியில் நடந்து போய்ப் பார்த்தாள்.
எடுத்திருந்தாள்.
இன்னொரு முறையும் பார்த்தாள்.